தண்ணீர் ஊற்றாமல் இருக்கும் வேலை

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறையில் பெர்சிஸுக்குப் பத்தொன்பது வருடமாகத் தற்காலிக வேலை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்த ஏப்ரலில் அதைவிடக் கடினமான பணி ஒன்று வந்து சேர்ந்தது: முப்பது தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும்.

தொட்டிகள் ஆராய்ச்சி மாணவி விஜயஸ்ரீயுடையவை. பாதியில் மானூர்ப் பக்கத்துத் தரிசிலிருந்து கொண்டுவந்த கொழுக்கட்டைப்புல், மீதியில் எங்கும் கிடக்கும் அருகம்புல். நாற்பது நாள் காயப்போட்டு, பிறகு நனைத்தால் எது முதலில் துளிர்க்கிறது என்று பார்க்க வேண்டும். புல் சாவதில்லை, மேலே காய்ந்துகொண்டே உயிரை அடித்தண்டுக்கும் வேருக்கும் இறக்கிக்கொள்கிறது என்று விஜயஸ்ரீ விளக்கியிருந்தாள். பெர்சிஸும் தலையாட்டியிருந்தார். தலையாட்டுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஈரம் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று அறிய இருபத்தைந்தாம் நாள் எடை போட்டபோது மூன்று தொட்டிகள் மட்டும் கனத்தன. விஜயஸ்ரீ தராசைச் சந்தேகித்தாள், கூரையைச் சந்தேகித்தாள், கடைசியில் தன்னையே சந்தேகித்தாள்.

"எல்லாம் பாழ்க்கா. முதல்லேருந்து தொடங்கணும். ஆய்வேடு கொடுக்க நாலு மாசந்தான் இருக்கு."

பெர்சிஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தற்காலிக வேலை போவதற்கு ஒரு வாக்கியம் போதும். அதை அவரே சொன்னார்.

"நாந்தான் பாப்பா ஊத்துனேன்."

"நீங்களா? எப்ப?"

"ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வாறப்ப. அங்கன பிரசங்கம் பூரா இரக்கத்தப் பத்தி. இங்கன வந்து பாத்தா இந்த மூணும் செத்தாப்ல கெடக்கு."

"எவ்வளவு ஊத்துனிய?"

"ஆளுக்கு ஒரு டம்ளர்."

"ஆளுக்கா!" அழுதுகொண்டிருந்த விஜயஸ்ரீ சிரித்துவிட்டாள். "மத்ததுக்கு?"

"சத்தியமா இல்ல. அதுகளுக்குக் கொஞ்சம் பச்ச இருந்துச்சு."

மூன்றை ஒதுக்கினாலும் மீதி இருபத்தேழு போதும் என்று தெரிந்தது. 'மூன்று தொட்டிகள் தவறுதலாக நீர் பெற்றன' என்று குறிப்பேட்டில் எழுதினாள். யாரால் என்பது அறிவியலுக்குத் தேவைப்படவில்லை போலும்.

நாற்பதாம் நாள் வாளியைப் பெர்சிஸ் கையில்தான் கொடுத்தாள். நனைத்த ஐந்தாம் நாள் வைக்கோல் நிறத் தூர்களின் அடியில் பச்சை நுனிகள். இரண்டு புல்லுமே வந்திருந்தன, கொழுக்கட்டைப்புல் மட்டும் ஒரு நாள் முந்தி.

"அடப் பாவிகளா, இத்தன நாளும் நடிச்சியளா?" என்று பெர்சிஸ் தொட்டிகளைத் திட்டினார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த பரிசோதனை வெள்ளம். தொட்டிகளைப் பத்து நாள் தண்ணீருக்குள் மூழ்க வைக்க வேண்டும். பெர்சிஸ் தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மூச்சு முட்டாதா பாப்பா?"

"முட்டும்க்கா. இந்தத் தடவ ரெண்டு பேருமா காவல் இருப்போம்."