கறி மாதிரி, பால் மாதிரி: சோயா ஏஜென்சியில் ஒரு சீசன்

எதை வேண்டுமானாலும் விற்கலாம். இது இன்னதென்று முதலில் விளக்கிவிட்டுத்தான் விற்க முடியும் என்கிற சரக்கை மட்டும் தொடாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கைக் கோட்டைவிட்டு, சொந்தக்காரர் கடையில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்ட சக துன்பவாசிகளே, உங்களுக்கு இது புரியும்.

என் சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். ஒருநாள் புருவம் கருகி வீட்டுக்கு வந்தார். சித்தி போட்ட கூச்சலில் வேலையை விட்டுவிட்டு, சிவகாசியில் சோயா ஏஜென்சி எடுத்தார். உருண்டை, மாவு, பால், சாஸ், எல்லாமே சோயா. தீபாவளி சீசனுக்குள் நிலையான ஆர்டர் ஒன்றாவது கிடைக்காவிட்டால் மறுபடியும் மருந்து ரூம்தான். இந்த லட்சணத்தில் கடைக்கு ஒரே ஸ்டாஃப் நான். எனக்கிருந்த ஒரே தகுதி, யார் குரலிலும் பேசுவேன்.

மருந்து

தாயில்பட்டி பஸ் ஸ்டாப்பில் மேசை போட்டோம். பட்டாசு வேலை விட்டு வந்த கூட்டம் சுற்றி நின்றது. சித்தப்பா ஒரு கை உருண்டையை அள்ளிக்காட்டி, "வெறும் சாப்பாடுன்னு நினைக்காதீக, இது மருந்து!" என்று முழங்கினார்.

மற்ற ஊரில் மருந்து என்றால் காய்ச்சலுக்கு. அங்கே மருந்து என்றால் வெடிக்கு. பீடி குடித்துக்கொண்டிருந்தவர் அதைக் காலில் போட்டு நசுக்கினார். கூட்டம் பின்வாங்கியது. பேன்சி வெடிக்குள் அடைக்கிற கலர் உருண்டையும் கிட்டத்தட்ட இதே உருவம்தானே! ஓர் அக்கா மட்டும் தைரியமாக ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, இது பச்சையா எரியுமா, செவப்பா எரியுமா?"

மாடு எங்கே?

டீக்கடைக்குச் சோயா பாலைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் போனேன். சோயா கம்பெனி ஆபீசர் எங்களுக்கு வகுப்பெடுத்த மெட்ராஸ் குரலை அப்படியே எடுத்துவிட்டேன்: "கொழுப்பு இல்லை சார், வாடை இல்லை சார், மாடே இல்லை சார்!"

டீக்கடைக்காரர் டிகாக்‌ஷனில் ஊற்றினார். பால் திரிந்து போய்க் கிளாஸில் திட்டுத்திட்டாக மிதந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தண்ணி ஊத்தின பாலை விக்கவே எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. நீ மாட்டையே ஒளிச்சுட்டு வந்து நிக்கியே, உனக்கு எம்புட்டு தைரியம்லே!"

கருப்பு

ஒரு பிரஸ்ஸிலிருந்து போன். "வெளிநாட்டுக் காலண்டர் ஆர்டர். சோயாதான் வேணும்ங்காக. கருப்பு இருக்கா?"

"இருக்கு, இருக்கு!" என்று சித்தப்பா குதித்தார். எங்களிடம் இருந்த கருப்பான சோயா ஒன்றே ஒன்றுதான். சாஸ் கேனை சைக்கிளில் கட்டி என்னை அனுப்பினார். சோயா எண்ணெயில் அச்சு மையும் செய்கிறார்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மெஷின் மேன் மூடியைத் திறந்து மோந்தார், விரலை விட்டு நக்கினார், பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, காலண்டரை அடிக்கத்தான் சொன்னாக, தாளிக்கச் சொல்லலை!"

மேனேஜர் குரல்

கடைசி நம்பிக்கை, பெரிய பட்டாசுக் கம்பெனி ஒன்றின் கேண்டீன். புரட்டாசி சனிக்கிழமை கறி கிடையாது என்பதால் எங்கள் உருண்டையை மாதிரிக்கு வாங்கிச் சமைத்தார்கள். "சொல்லி அனுப்புறேன்" என்றார் மேனேஜர். மூக்கால் பேசுவார், வார்த்தைக்கு வார்த்தை செருமுவார். இப்படி ஒரு குரலைச் சும்மா விட முடியுமா?

மறுநாள் காயின் போனிலிருந்து கடைக்கு அடித்தேன். "க்கும்... அண்ணாச்சி, லோடு லோடா அனுப்புங்க... க்கும்." சித்தப்பா எழுந்து நின்று, "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று போனைக் கும்பிட்டாராம். நான் கடைக்குத் திரும்பிய பிறகு, அவர் சித்திக்கு அல்வா வாங்கக் கிளம்பியபோதுதான் வாய்விட்டுச் சிரித்து மாட்டிக்கொண்டேன். திருந்தினேனா? அடுத்த நாளும் அடித்தேன்.

அதற்கடுத்த நாள் போன் அடித்தது. எடுத்தார். "க்கும்" என்று கேட்டதுதான் தாமதம், சித்தப்பா வெடித்தார்: "ஏலே எடுபட்ட பயலே! கழுதைக்கு மேனேஜர் குரலு ஒரு கேடா? நேர்ல வா, செருப்பு பிஞ்சுரும்!"

திட்டி முடித்துத் திரும்பினார். எதிரே நான் சோயா மாவு எடை போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். புருவம் மறுபடியும் கருகியது போல் இருந்தது முகம்.

அடுத்த பஸ்ஸில் என்னை இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினார். வேலை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்த வாட்ச்மேன், "மருந்து ரூம் காலியாத்தான் இருக்கு" என்று அன்பாக வேறு சொன்னார். மேனேஜர் நடந்ததை முழுதாகக் கேட்டார். "எங்கே, பேசுலே பார்ப்போம்" என்றார். பேசினேன். கிளார்க்குகள் மேசைக்கடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்கள். மேனேஜர் செருமினார், நிஜமாகவே.

"சனிக்கிழமை கறி போட்டுட்டோம்னு ஆளுக சண்டைக்கு வந்தாக, ஆனா அண்டாவை வழிச்சுட்டுத்தான் வந்தாக. உங்க உருண்டை கறி மாதிரி இருக்கு, உங்க பையன் என்னை மாதிரி இருக்கான். அசலா உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா அண்ணாச்சி? சரி, வாராவாரம் சரக்கை அனுப்புங்க, இவனை அனுப்பாதீக!"

தன்னை மருந்து ரூமுக்குத் திரும்பவிடாமல் காப்பாற்றியது ஆடில்லாத கறிதான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்கிறார். அந்த மேனேஜரை எங்கள் கடைப் பெயரை மறக்கவே முடியாதபடி செய்தது யார் என்று கேட்டால் மட்டும், குனிந்து செருப்பைத் தேடுகிறார்.