மழைக் கவிதைக்கு முதல் பரிசு

எங்க முகநூல் கவிதைக் குழுவுல ஆடி மாசம் மழைக் கவிதைப் போட்டி வச்சோம். நடுவர்கள் நாங்க மூணு பேரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள தை பொறந்துடுச்சு.

இன்னைக்குக் காலையில முடிவைப் போட்டேன். முதல் பரிசு பூதலூர் மலர்க்கொடிக்கு. "இதைப் படிச்சா மழையே இறங்கி வந்துடும்"னு பாராட்டி வேற எழுதினேன்.

கும்பகோணம் பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் அவங்ககிட்டேர்ந்து போன்.

"சார், அந்தப் பதிவை முதல்ல எடுங்க."

"ஏங்க, முதல் பரிசுங்க!"

"இங்க நேத்துலேர்ந்து மழை சார். அறுக்க வேண்டிய நெல்லு பூரா வயல்ல சாஞ்சு கெடக்கு. நீங்க என்னடான்னா, 'நிறுத்தாமக் கொட்டு மழையே'ன்னு என் போட்டோவோட போட்டு வச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரரே லைக் போடல. தெருவுல தலைகாட்ட முடியல!"

எடுத்துட்டேன். ஆனா பஸ் ஜன்னல்ல இன்னும் சாரல் அடிக்குது.

அதனால, கவிஞர்களே, அவசரமா அடுத்த போட்டி. தலைப்பு வெயில். கவிதை சுமாரா இருந்தாலும் பரவாயில்லை, இப்பவே கமெண்ட்ல போடுங்க.

இந்தத் தடவை நடுவர் நாங்க இல்லை. யாரு கவிதைக்கு வெயில் அடிக்குதோ, அவங்களுக்குத்தான் பரிசு.