சுஹுரா அக்காவின் நலம் விசாரிப்பு

கோட்டையிலிருந்து லிக்கோனி ஃபெர்ரித் துறைக்கு வண்டியில் பத்து நிமிஷம். நான் ஓட்டுகிற டூரிஸ்ட் வேனில் கைடு சுஹுரா அக்கா கூட வந்தால் ஒரு மணி நேரம். மீதி ஐம்பது நிமிஷம் எங்கே போச்சு என்று என்னைக் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

மொம்பாசாவில் ஒருத்தரைப் பார்த்தால் விசாரிக்காமல் தாண்டிப் போகக்கூடாது. நானும் இந்த ஊரில் பிறந்தவன்தான், எனக்கும் தெரியும். "எப்படி இருக்கே?" "நலம்." முடிஞ்சுது, கிளம்பு. அக்காவுக்கு அது போதாது. வீடு எப்படி, பிள்ளைங்க எப்படி, மாமியார் மூட்டுவலி எப்படி, ஓடிப்போன ஆடு திரும்பிச்சா. இங்கே வீடே பற்றி எரிந்தாலும் முதல் பதில் "நலம்"தான். அப்புறம் "ஆனா..." என்று ஒரு இழுவை. விஷயம் அதற்குப் பின்னால்தான் வரும். அந்த "ஆனா" வருகிற வரைக்கும் அக்கா நகரமாட்டாள். வேனுக்குள் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் தொப்பிக்கு அடியில் வெந்துகொண்டிருப்பார்கள்.

அவளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்கிறேன்தான், ஆனாலும் கேளுங்கள். பதினெட்டு வருஷம் முவெம்பே தயாரி தெரு முக்கில் உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்து விற்றவள். வாங்க வந்த மாலுமிகளோடு வாயாடியே இங்கிலீஷும் இத்தாலியனும் பிடித்துவிட்டாள். நாற்பத்தோரு வயசில் பரீட்சை எழுதி கைடு பேட்ஜ் வாங்கினாள். அதைக் குத்திக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்க்கணுமே! கோட்டை பீரங்கி முன்னால் நின்று அவள் கதை சொன்னால் நான்கூட வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்க் கேட்பேன்.

அந்த பேட்ஜுக்குத்தான் ஆபத்து வந்தது. கப்பலில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த பயணிகளை இரண்டு தடவை லேட்டாகக் கொண்டுபோய் விட்டோம். முதலாளி சுவாலே எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, "இன்னொரு தடவை கப்பல்லேருந்து புகார் வந்துச்சு, பேட்ஜைக் கழட்டி இந்த மேசையில வச்சிட்டு எண்ணெய்ச் சட்டிக்கே போயிடு சுஹுரா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். "சரி முதலாளி. அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?"

"நலம்" என்றார் அவர், கோபத்தோடு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா, ராத்திரியில..."

கால் மணி நேரம் பேசினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறு சனிக்கிழமையே கப்பல் வந்தது. டோங்கோ குண்டு பாலம் வராத காலம், தென்கரைக்குப் போக ஃபெர்ரியை விட்டால் வேறு வழி கிடையாது. மாலை ஐந்துக்குள் திரும்பி வந்து கோட்டைப் பக்கத்துத் துறைமுக கேட்டில் பன்னிரண்டு தலையையும் எண்ணிக் கொடுக்கணும். காலையில் கோட்டை, பழைய நகரத்துச் சந்து எல்லாம் ஒழுங்காக முடிந்தது. தென்கரைக் கடற்கரைக்குப் போகும்போது, ஃபெர்ரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் மூட்டை தள்ளுகிற கைவண்டிக்காரன் பெஜா துறையில் எதிரே வந்தான். அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"பெஜா! வீட்டுக்காரி கண்ணு எப்படி?"

"நலம் அக்கா. ஆனா, கட்டு பிரிச்சப்புறம்..."

எங்கள் ஃபெர்ரி எங்கள் கண்ணெதிரே போனது. அடுத்ததற்கு ஐம்பது நிமிஷம்.

"அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? அவன் பொண்டாட்டி கண்ணு உனக்கு பேட்ஜ் தருமா?" என்று கத்தினேன்.

"கண்ணைப் பத்திக் கேக்காம எப்படிடா போறது?" என்றாள்.

அந்த ஐம்பது நிமிஷம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. கடற்கரைக்கு லேட், தேங்காய்ப்பால் மீனுக்கு லேட், திரும்பவும் லேட். நாலு மணிக்குத் தென்கரை லிக்கோனித் துறைக்கு வந்தால் வண்டி வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நடந்து போகிறவர்களுக்கு வரிசை கிடையாது, ஏறிவிடலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஹில்டா என்று எண்பது வயசு அம்மா ஒருத்தி, முட்டி வீங்கி, பத்து அடி வைக்கமாட்டாள்.

அக்கா பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். அப்போது வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெஜா வந்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அக்கா ஓடினாள். என்ன கேட்டாள் தெரியுமா?

"பெஜா, மத்தியானம் சாப்பிட்டியா?"

நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன். அவன் சாப்பிட்ட கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் ஹில்டா விஷயத்தைச் சொன்னாள்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா அக்கா!" என்று பெஜா தன் சட்டையைக் கழற்றிப் பலகையில் விரித்தான். ஹில்டா கைவண்டியில் காலை நீட்டி, தடியை முன்னால் நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்தாள். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று பெஜா சரிவில் ஓடினான். அக்காவும் மீதிப் பதினொரு பேரும் பின்னால் ஓடினார்கள். கூட்டம் விசில் அடித்தது. ஃபெர்ரி நகர்ந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

நான் வேனோடு இந்தக் கரையில். அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பத்துத் தடவை அடித்தேன். ஐந்து ஆனது, ஐந்தே கால் ஆனது. வேறு வேலையில்லாமல் அவள் திரும்பவும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வரவேண்டியது, அழுகையாக வந்தது.

ஐந்தரைக்கு முட்டைக்கோஸ் மூட்டையோடு பெஜா ஃபெர்ரியிலிருந்து இறங்கி வந்தான். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டுக் கூப்பிட்டேன்.

"பெஜா! என்ன ஆச்சு?"

அவன் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஏழு வருஷமாக அவன் வண்டியைப் பார்த்து ஹார்ன் மட்டும் அடித்தவன் நான்.

"டிரைவர் அண்ணே, நலமா?"

பல்லைக் கடித்தேன். "நலம். நீ எப்படி?"

"நலம்."

"வீட்ல?"

"நலம்." அசையவில்லை, காத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்காரி கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயில் அந்தக் கேள்வி வந்தது எனக்கே புதுசு.

"நலம். ஆனா, வெயில்ல தண்ணி கொட்டுது" என்று ஆரம்பித்து முழுசும் சொன்னான். நானும் முழுசும் கேட்டேன். பிறகு மெதுவாக, "அக்கா வேலை?" என்றேன்.

"அந்தக் கரையில அக்காவுக்குத் தெரிஞ்ச டுக்டுக் ஆட்டோ அஞ்சு நின்னுச்சு. கிழவி என் கையை விடல, நானும் கேட் வரைக்கும் போனேன். முதலாளி வாட்சைப் பார்த்துக்கிட்டு நின்னாரு."

"வேலை எப்படிப்பா?"

"நலம்" என்றான்.

அந்த "ஆனா"வுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பெஜா சரிந்த முட்டைக்கோஸ் ஒன்றை எடுத்து மூட்டைக்குள் திணித்தான். கயிற்றை இறுக்கினான்.

"ஆனா?" என்றேன்.

"ஆனா ஒண்ணும் இல்ல அண்ணே. நலம்தான்."

பின்னாலிருந்து லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், வரிசை நகர்ந்துவிட்டதாம். இருடா என்று கையைக் காட்டிவிட்டு பெஜாவிடம் கேட்டேன், "எந்தக் கண்ணு, வலதா இடதா?"