அவள் உட்கார்ந்த பாறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. வாரமெல்லாம் துறைமுகக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவனுக்குப் பாயில் கிடக்க முடியாது. ராயபுரத்தில் புறப்பட்டால் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை, தலையைக் குனிந்தபடி, கரையோரமாகவே நடை. கல் பொறுக்க. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது.

சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி, ஒரு காந்தத் துண்டு, உடைந்த பீங்கான் கோப்பையின் அடிப்பாகம். அதன் மெருகில்லாத விளிம்பில் உரசினால், கறுப்பாக மினுக்கும் கல்கூடச் சில சமயம் காவிக்கோடு போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றில் கற்றது. ஒரு கல்லுக்குப் பெயர் கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். கிடைக்காவிட்டால் மறுபடி நடை.

அந்த ஐப்பசியில் கடல் ராயபுரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அலையைத் தடுக்கப் பல்லாவரத்துப் பக்கமிருந்து பாறைகளை லாரியில் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். கடப்பாரையால் நெம்பி அலைக்குள் தள்ளினார்கள். ஒரு மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். விளிம்பில், என் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை காத்திருந்தது. அதன் சாம்பல் உடம்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு சிவப்பு. கார்னெட் என்கிற மணிக்கல். எண்ணூர் மணலில் பொடியாக, கோடு கோடாக மட்டுமே நான் பார்த்த சிவப்பு, இங்கே பட்டை தீட்டினாற்போல முழு மணியாக.

காவலுக்கு நின்ற மேஸ்திரியிடம் சுத்தியலும் உளியும் கேட்டேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "அஞ்சு நிமிசம் தட்டிக்க" என்றார்.

முதல் அடி விழுந்ததும் எதிர்க் குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் விற்பவள். கடலுக்கு மிக அருகில் இருந்தது அவள் வீடுதான். பின்சுவர் ஏற்கெனவே போயிருந்தது.

"இன்னா தட்டிகினு கீற?"

"உள்ள ஒரு சேப்புக் கல்லு கீதுக்கா. பொளந்து எடுத்துகினு மீதியத் தள்ளிடலாம்."

"பொளந்தா மீதி எங்க நிக்கும்? போன மழைக்குப் போட்ட சின்னக் கல்லெல்லாம் அலை இஸ்துகினு பூட்ச்சு. வாராவாரம் போறியே, எண்ணூர்லயே பொறுக்கிக்க, போ."

"ஒரு கல்லுதானே, வுடுமா" என்றார் மேஸ்திரி.

"உனக்கு ஒரு கல்லு. உன் வூடு கடல் எட்டாத சூளைப் பக்கம் கீது."

சொல்லிவிட்டுப் பாறையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், சந்தையில் மீன் கூடைக்குப் பின்னால் உட்காருவதுபோல. நான் வலப்பக்கம் போனேன். இடப்பக்கம் வந்தேன். அவள் காலுக்குக் கீழே அந்தச் சிவப்பு இருந்தது, கால் அசையவில்லை.

"வித்தா இன்னா தருவான்?" என்று அவளே கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஒண்ணும் தர மாட்டான். உள்ள முழுக்க விரிசல்."

"அப்ப இன்னாத்துக்கு?"

"பாக்கணும்."

"பாத்துட்ட இல்ல?"

மேஸ்திரி புகையோடு சிரித்தார். அலை ஒன்று ஏறிவந்து அவள் வாசல்படியை நக்கிவிட்டுப் போனது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உளியைக் கீழே வைத்தேன்.

சாப்பிடப் போனவர்கள் திரும்பியபோது ஒரு ஆள் குறைந்தது. "கையிலதான் தெம்பு கீதே, புடி" என்று பாறையிலிருந்து இறங்கிய அவள் கடப்பாரையை என் பக்கம் காலால் தள்ளினாள். பிடித்தேன். ஏலேலோ சொல்லி நெம்பினோம். பாறை புரண்டது, சரிந்தது, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே போய் அசையாமல் உட்கார்ந்தது. சிவப்பு மேல்பக்கம். அலை அதன்மேல் ஏறி இறங்கியபோது ஒரு மணி அல்ல, பாறை முழுக்க மணிகள் என்று தெரிந்தது. காய்ந்த கல்லில் புழுதியென்று நினைத்தவை எல்லாம் நனைந்து சிவந்து நின்றன. நான் எண்ணத் தொடங்குவதற்குள் அடுத்த பாறை அதன்மேல் விழுந்தது.

அடுத்த அலை அங்கே மோதி உடைந்தது. நுரை மட்டும் அவள் வாசலுக்கு வந்தது.

"இன்னும் ரெண்டு வேணும்" என்றாள். "லாரி வருதா பாரு."

ரோட்டுக்கு ஓடினேன்.