மூன்றாவது ஆணி

கடைக்கு வருகிறவர்களிடம் மேனா மூன்று கேள்விகள் கேட்பாள். எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், முழங்கால் எப்படி இருக்கிறது. உயரமும் எடையும் ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். பதில் கிடைத்ததும் பின்னறைக்குப் போய், பனியில் சறுக்கிப்போகக் காலில் மாட்டும் ஸ்கீக்கட்டைகளில் ஒரு ஜோடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாள். ஒரே ஒரு ஜோடி. பொறுக்கி எடுக்க இரண்டு மூன்று கொண்டுவந்து பரப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"இன்னும் அகலமா இல்லையா? படத்துல எல்லாரும் அகலமாத்தான் போட்டிருக்காங்க" என்பான் நகரத்திலிருந்து வந்தவன்.

"படத்துல இறங்குறதைத்தான் காட்டுவாங்க. ஏறுறதை எவன் காட்டுறான்? நாலு மணி நேரம் ஏறி நாப்பது நிமிஷம் இறங்கப்போறே. இதைவிட அகலத்தை மேலே இழுத்துட்டுப் போனா பாதி வழியில நாக்குத் தள்ளிடும்."

"புதுப்பனி இருந்தா?"

"வெயில்புறத்துல, மார்ச் மாசத்துல, புதுப்பனி! காலையில கண்ணாடி. பதினோரு மணிக்கு வெண்ணெய். ஒரு மணிக்குக் கஞ்சி. கண்ணாடியில ஒல்லிக்கட்டைதான் கடிச்சு நிக்கும். கஞ்சியாகுறதுக்குள்ள கீழே வந்து சேரு, போதும்."

முழுப்பெயர் ஃபிலொமேனா. அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட்டவர்கள் பாதிரியாரும் பல் டாக்டரும்தான். பத்தொன்பது வயதில் இந்தக் கடையில் சேர்ந்தாள். அப்போது காசியனின் அப்பா முதலாளி. இப்போது காசியன். காசியனுக்குக் கடையைவிட மலைமீட்புக் குழுதான் பெரிது. அவன்தான் அதன் தலைவன். இடுப்பில் எப்போதும் வயர்லெஸ் தொங்கும். கடையில் இருப்பது மேனாதான். முப்பத்தொரு வருஷம்.

ஹின்டர்லான் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதனால் அங்கே எல்லாமே இரண்டு பக்கம்தான். வெயில்புறம், நிழல்புறம். கடைசிப் பண்ணைக்குப் பின்னால் ஓடையின்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தைத் தாண்டினால் நிழல்புறம். தாண்டாமல் மேலே ஏறினால் வெயில்புறம். ஒரே நாளில் விழுந்த பனி இரண்டு பக்கத்திலும் ஒரே பனியாக இருப்பதில்லை. அந்தப் பக்கம் ஒரு வாரம் மாவாகவே கிடக்கும். இந்தப் பக்கம் மறுநாளே உருகி, இரவில் உறைந்து, பொருக்குத் தட்டிவிடும்.

அவள் புருஷன் செராஃபின் பஞ்சாயத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டினான். அதிகம் பேசமாட்டான். விடுப்பு நாளில் கட்டையை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போய்விடுவான். போனை ரொட்டிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டுத்தான் போவான். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் ஒருமுறை கத்தினாள்.

"எங்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சிடுமா?"

"ஆணியைப் பாரு" என்றான் அவன்.

வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நடைவழிச் சுவரில் மூன்று ஆணிகள். முதல் ஆணியில் அகலக்கட்டை. மாவுப்பனிக்கு, அதாவது நிழல்புறத்துக்கு. இரண்டாவதில் நடுக்கட்டை. பனி எப்படி இருக்கும் என்று நிச்சயமாகத் தெரியாத நாளுக்கு. மூன்றாவதில் ஒல்லிக்கட்டை. இறுகிய பனிக்கு, வெயில்புறத்துக்கு. எந்த ஆணி காலியோ அந்தப் பக்கம் அவன் போயிருக்கிறான். இருபத்துநாலு வருஷம் அவள் ஆணியைப் பார்த்தாள். ஒருமுறையும் தப்பவில்லை. ஊரில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். யாராவது திரும்பவில்லை என்று போன் வந்தால் காசியன் கேட்கும் முதல் கேள்வியே "எந்தக் கட்டை இல்லை?" என்பதுதான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை முழங்கால் அளவு பனி விழுந்தது. புதனன்று காற்று. அன்று சாப்பிடும்போது செராஃபின் ஒரு வாக்கியம் பேசினான்.

"பட்டை பாதி மலையிலேயே கழண்டு தொங்குது, நாய் நாக்கு மாதிரி."

மேலேறும்போது கட்டை பின்னால் வழுக்காமலிருக்க அடியில் ஒட்டிக்கொள்ளும் மயிர்ப்பட்டையைச் சொன்னான். பசை செத்துப் போயிருந்தது. வியாழன் மாலை மேனா அகலக்கட்டையின் பட்டைகளையும் நடுக்கட்டையின் பட்டைகளையும் நிலவறைக்குக் கொண்டுபோனாள். பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பசையை இரண்டு தடவை பூசி, கொதிகலன் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டாள். முழுதாக ஒன்றரை நாள் காய வேண்டும். ஒல்லிக்கட்டையின் பட்டை நன்றாக இருந்தது, அதைத் தொடவில்லை. அவனுக்கு விடுப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் காய்ந்துவிடும். அவள் மேலே வந்தபோது அவன் தூங்கியிருந்தான். விடியுமுன் வண்டிக்குப் போய்விடுகிறவன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடையிலிருந்து வந்தபோது போன் ரொட்டிப் பெட்டியின்மேல் இருந்தது. மலைபூட்ஸைக் காணோம். பனி தள்ளும் இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்துக்குப் போக வேண்டும் என்று விடுப்பை மாற்றிக்கொண்டானாம். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது மூன்றாவது ஆணி காலி என்பது மட்டும்தான்.

ஒரு கணம் அவளுக்கு உறுத்தியது. இந்தப் பனிக்கு யாராவது வந்து கேட்டிருந்தால் அவள் அகலக்கட்டையைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பாள். அந்தக் கணம் போய்விட்டது. ஆறு மணிக்குக் காசியனைக் கூப்பிட்டாள்.

"எந்தக் கட்டை இல்லை?"

"ஒல்லி."

"இந்தப் பனிக்கு ஒல்லியா? கிறுக்குப் பிடிச்சுதா அவனுக்கு?"

"காத்து அடிச்சிருக்கே. நிழல்புறத்துல பனி சரியும்னு தெரிஞ்சுதான் வெயில்புறம் போயிருப்பான். அவன் என்ன குழந்தையா?"

மூன்று ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இரண்டு நாய்கள். மூடுபனி இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. காலையில் பதிந்திருக்கக்கூடிய தடங்களைக் காற்று துடைத்திருந்தது. செராஃபினின் கழுத்தில் சமிக்ஞைக் கருவி இருக்கும். ஆனால் ஐம்பது மீட்டருக்குள் போனால்தான் அது கேட்கும். பாலத்தருகே நின்றுகொண்டு காசியன் அவளிடம் கேட்டான்.

"எதுக்கும் நாலு பேரை அந்தப் பக்கம் அனுப்பட்டுமா?"

"ஒல்லிக்கட்டையோட எவன் அந்தப் பக்கம் போவான்? இருக்கிற ஆளைப் பிரிக்காதே."

காசியன் தலையாட்டினான். கட்டை விஷயத்தில் அவளை மீறிப் பேசுகிறவன் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இருபத்திரண்டு விளக்குகளும் வரிசையாக வெயில்புறம் ஏறின. வெகுநேரம் கழித்து ஒன்றும் கிடைக்காமல் இறங்கின.

காலையில் அவள் சமையலறையில் தேட வந்த ஆட்கள். சூப், ரொட்டி, பன்றிக்கொழுப்பு. எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஏழு மணிக்கு முதல் கூட்டம் வெயில்புறம் ஏறிவிட்டது. மேசையில் கிடந்த ஈரக் கையுறைகளைக் காயப்போட அவள் நிலவறைக்குப் போனாள்.

கொடியில் நான்கு பட்டைகள் தொங்கின. அகலமானவை இரண்டு, நடு இரண்டு. கையுறைகளை மாட்ட இடம் வேண்டுமென்று முதல் பட்டையை நகர்த்தினாள். பசையின்மேல் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. மரம் அறுக்கும் வட்டரம்பம் செராஃபினின் விரலில் போட்ட கோடு.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறான். காயவில்லை. அடுத்த பட்டையிலும் அதே விரல். அதுவும் காயவில்லை. அகலக்கட்டையை எடுக்கத்தான் வந்திருக்கிறான். போக நினைத்த இடத்தை மாற்றவில்லை, கட்டையைத்தான் மாற்றியிருக்கிறான்.

மேலே ஓடிவந்து, மீட்புக் குழு மேசையில் விட்டுப்போயிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"காசியன். பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"மேனாவா? என்ன சொல்றே?"

"பட்டை ஈரம். நான்தான் பசை போட்டேன். அவனுக்கு வேற கட்டை இல்லை. அந்தப் பக்கம் போ. அந்தப் பக்கம் போ."

பத்து மணிக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மூடுபனி விலகியிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை.

காசியன் தனியாக வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நடைவழியில் ஆணிகளைப் பார்க்காமல் நடந்து வந்து, சமையலறையில் உட்கார்ந்தான். அவள் காப்பி ஊற்றினாள்.

"உடனே முடிஞ்சிருக்கு, மேனா. வலியெல்லாம் தெரிஞ்சிருக்காது."

"பனிச்சரிவா?"

"இல்லே. விழுந்திருக்கான். மேலே காத்து இறுக்கின பொருக்கு, கீழே மாவு. ஒல்லிக்கட்டை உள்ளே போய் மாட்டிக்கிச்சு."

"கட்டை?"

"ஜீப்புல இருக்கு. ரெண்டும். ஒண்ணும் ஆகலை."

"எங்கே கிடந்தது?"

"கிடக்கலை, தலைமாட்டுல நட்டு..." காசியன் நிறுத்தினான். கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்காமல் மறுபடி வைத்தான்.

அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காகப் பனியில் நட்டு வைத்தால், இங்கே ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், வந்து எடுத்துப் போங்கள் என்று அர்த்தம்.

"குறுக்காவா?"

"ஆமா."

"அப்போ உடனே முடியலை."

காசியன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"கால்தானே?"

"முழங்காலுக்குக் கீழே. ரெண்டு இடத்துல."

"எதுவரைக்கும் இருந்திருப்பான்?"

"டாக்டர் வந்து பார்த்துட்டு..."

"உன்னைக் கேட்டேன். இருபது வருஷமா ஆளைத் தோண்டி எடுக்கிறே."

"விடியக்காலை வரைக்கும் இருந்திருக்கலாம்" என்றான் காசியன். பிறகு, கேட்காததற்கும் பதில் சொன்னான். "ஃபிளாஸ்க் காலி. மூடியைத் திருகி, பையில வச்சிருந்தான்."

அவன் போன பிறகு அவள் ஜன்னலருகே நின்றாள். நிழல்புறத்தின் அந்தச் சரிவிலிருந்து எதிர்ப்புறம் முழுதும் தெரியும். மூடுபனி நடுவில் கொஞ்சம் விலகியிருந்தால் விளக்குகளும் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு. ஏறுவதும் தெரிந்திருக்கும், இறங்குவதும். கத்தியிருப்பான். காற்று அவன் பக்கம்தான் அடித்தது, குரல் இந்தப் பக்கம் வந்திருக்காது. பசை போட்டது அவள். பட்டை ஈரமென்று அவளுக்குத் தெரியும். அதனால் அவன் ஒரு சீட்டும் எழுதி வைக்கவில்லை. மேனாவுக்குத் தெரியும், இப்போது வருவாள் என்றுதான் கட்டைகளை நட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. உன் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமலே அவள் தலையாட்டினாள். செராஃபினின் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்தாள், விட்டாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

பத்து நாள் கழித்து மேனா கடைக்குப் போனாள். வேறு வேலை தெரியாது. வந்தவர்களிடம் முழங்காலைப் பற்றி மட்டும் கேட்டாள். எல்லோருக்கும் நடுக்கட்டையையே எடுத்துக் கொடுத்தாள். மாவுப்பனிக்குப் போனவர்கள் அமிழ்ந்ததாகச் சொன்னார்கள், இறுகிய பனிக்குப் போனவர்கள் வழுக்கியதாகச் சொன்னார்கள். காசியன் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டான். அடுத்த நவம்பரில், கடைக்கு வருகிறவர்களைக் கவனிக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தியை வேலைக்கு வைத்தான்.

"நீ பின்னாடி உக்காந்து கட்டையோட விளிம்பைத் தீட்டு, மேனா. உன் அளவுக்கு யாரும் தீட்டமாட்டாங்க."

"சரி."

"கோவமா?"

"இல்லே."

புதிதாக வந்தவள் மூன்று ஜோடிகளைப் பரப்பிவைத்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்பது பின்னறையில் கேட்கும். மேனா தீட்டும் எந்திரத்தைப் போட்டுவிடுவாள். ஜனவரியில் ஒரு நாள் எந்திரம் ஓடாதபோது காசியன் போனில் பேசுவது கேட்டது. மேல்பண்ணையிலிருந்து யாரோ. திரும்பவில்லையாம்.

"எந்தக் கட்டை இல்லை?" என்று கேட்டான் காசியன்.

அவள் எழுந்து கதவு வரைக்கும் போனாள். காசியன் அவளைப் பார்த்தான். எதிர்முனையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆணியை விட்டால் கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது. திரும்பிப்போய் எந்திரத்தைப் போட்டாள்.

வீட்டில் மூன்று ஜோடிகளும் ஆணியில் இருக்கின்றன. ஒல்லிக்கட்டையைக் காசியனே துடைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். பட்டைகள் மட்டும் கொதிகலன் அறையில் அப்படியே தொங்குகின்றன. காய்ந்ததும் பசையோடு பசை சேர்த்து மடித்துப் பையில் போட்டுவிட வேண்டும். திறந்து கிடந்தால் தூசி ஒட்டும், பசை செத்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் தடவை அவள் சொன்னதுதான். மடித்தால் விரலடையாளம் அழியும். மடிக்காமல் விட்டாள்.

கோடை வந்தது. கொதிகலனை அணைத்தார்கள், சுத்தம் செய்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் அவள் துணி காயப்போடப் போனபோது விளக்கைப் பட்டையருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சாம்பல் நிறத் தூசி, பூனை மயிர், நூல் துணுக்குகள். விரல் எந்த இடத்தில் இருந்தது என்று தேடினாள். மேலிருந்து ஒரு சாண் கீழே என்று ஞாபகம். அங்கே இல்லை. கொஞ்சம் கீழே பார்த்தாள். இன்னொரு பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியைக் கொடியில் போட்டாள்.