சுருங்கிக்கொண்டே போன பை

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மெக்கானிக், குடியிருப்பதென்னவோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து அவர் மனைவிக்கே அலுத்துவிட்டது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது அவர் பொறுப்பு. ஒருநாள் படித் திருப்பத்தில் பை கிழிந்து, முட்டை ஓடும் ஈரக் காகிதமும் பிளாஸ்டிக் உறைகளுமாகச் சிதறின. குனிந்து குனிந்து பொறுக்கும்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. இதில் பாதி, கடையில் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் உரித்துப் போட்டது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு குப்பையா? அன்றைக்கே குப்பையைக் குறைக்க வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இறங்கினார் என்றால் சும்மா இல்லை. எதையும் கழற்றிப் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். செய்தித்தாளை விரித்து, பையைக் கவிழ்த்து, கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ‘குப்பை இன்ஸ்பெக்டர்’ என்று பட்டம் கொடுத்தாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைக்குத் துணிப்பையும் டப்பாக்களும் போயின. காய்கறித் தோல் பால்கனி வாளியில் மண்ணோடு கிடந்து மட்கி, தொட்டிச் செடிகளுக்கு உரமானது. அடுப்பு பற்ற வைக்கும் முன்பே யாருக்கு எவ்வளவு பசி என்று கேட்டுத் தொலைத்ததில், சோறு மீந்துபோவதும் நின்றது. பை சுருங்கச் சுருங்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். தன் மனைவி இறந்த பிறகு மகளோடு வந்து இருப்பவர். ஓர் ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் அவர் சொல் கேட்பதில்லை. வாக்கரைப் பிடித்து நடப்பார், டயப்பரைத் தானே மாற்றிக்கொள்வார், எதற்குக் கூப்பிட்டாலும் “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு சாயங்காலம் மெக்கானிக் சமையலறையில் பையைத் தூக்கிப் பிடித்து மனைவியிடம் காட்டினார்.

“மத்ததெல்லாம் குறைச்சாச்சு. இனி இதுல இருக்கிறது பூரா மாமா டயப்பர்தான். அதை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல.”

மோட்டாரில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் மனைவி சுவரைப் பார்த்தாள், மெதுவாகப் பேசச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் விழித்துத்தான் இருந்தார்.

அடுத்த வாரம் பை இன்னும் சுருங்கியது. எப்படி என்று மெக்கானிக் யோசிக்கவே இல்லை. ஜெயிக்கிறவன் எங்கே யோசிக்கிறான்! பால்கனிச் செடிகளும் தளதளவென்று நின்றன. எல்லாம் என் உரம் என்று பீற்றிக்கொண்டார். அதற்கிடையில் மாமனார் குளியலறை வாசலில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம், மறந்துபோன கருவி ஒன்றை எடுக்க மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பால்கனியில் மாமனார் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர்க் குடத்தைச் சரித்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் காலையில் அவர் குடிப்பதற்கென்று கட்டிலருகே நிரப்பி வைத்துவிட்டுப் போன சின்னக் குடம் அது. உதடு வெடித்திருந்தது. மருமகனைக் கண்டதும் குடத்தை வெடுக்கென்று நிமிர்த்தியதில் தண்ணீர் தரையில் சிந்தியது.

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு அந்த உதட்டையும் குடத்தையும் பார்த்தார். சமையலறையில் தான் தூக்கிப் பிடித்த பையும் சொன்ன வார்த்தையும் நினைவுக்கு வந்தன. சீ, நாமும் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. குடத்தை வாங்கி வைத்தார், அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

“எத்தனை நாளா மாமா இப்படி?”

மாமனார் தரையைத்தான் பார்த்தார். “குடிச்சாத்தானே போகும் மாப்ள. பொண்ணு வீட்ல இருக்கிறவன். முடிஞ்ச வரைக்கும் இடத்தை அடைக்காம இருக்கலாமேன்னு பார்த்தேன்.”

  மெக்கானிக் உள்ளே போய் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

“குடிங்க மாமா. எவ்வளவு ஆனாலும் நான் தூக்கிட்டு இறங்குறேன்.”

மாமனார் தம்ளரையும் மருமகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார். அத்தனை நாள் தாகம் அது. தம்ளரை நீட்டி, சிரமம் என்ற பேச்சே எடுக்காமல், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்.