கூட்டிச் சொன்ன ஐந்து விநாடி

மகள் ஹிஃப்ஸாவின் நீச்சலுடையை ஷம்சாத்தான் கையால் அலசுவாள். மெஷினில் போட்டால் துணி தொளதொளத்துவிடும். குளோரின் வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் முக்கியெடுத்து, பிழியாமல் டவலுக்குள் வைத்துச் சுருட்டி, முழங்காலால் அமுக்கி ஈரத்தை எடுப்பாள். பிறகு குளியலறைக் கொடியிலேயே போடுவாள். பால்கனியில் வெயில் கொட்டிக்கிடந்தாலும் அங்கே போடமாட்டாள். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எதிர்க்கட்டிடத்துப் பால்கனி கையெட்டும் தூரம். அங்கேதான் அஸ்மத் பீவியின் வீடு.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அவள் அலசிக்கொண்டுதான் இருந்தாள். துணி எப்போதோ சுத்தமாகிவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. மாலை மஃரிப் தொழுகைக்குள் துபாய் நீச்சல் கிளப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்தவள் இல்லை ஷம்சாத். கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்த பிறகும் தண்ணீருக்கும் அவளுக்கும் சமையல், குளியல் தவிர வேறு தொடர்பு கிடையாது. மகளுக்கு இளைப்பு வந்தபோது டாக்டர்தான் நீச்சலில் சேர்க்கச் சொன்னார். பக்கத்தில் பெண்களுக்கு மட்டுமான ஒரு குளத்தில் விஜி மிஸ் சொல்லிக்கொடுத்தாள். ஷம்சாத் கரையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்தே, முழங்கை தண்ணீரை விட்டு எழும்பும் உயரத்தை வைத்து மகள் களைத்துவிட்டாளா இல்லையா என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டாள்.

இளைப்பு போனது. நீச்சல் போகவில்லை. பள்ளிக்கூடங்களுக்கிடையிலான போட்டியில் ஹிஃப்ஸா முதலாவதாக வந்த அன்று அஸ்மத் பீவி கீழே மளிகைக்கடையில் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மவ மீனு கணக்கால்ல போறாளாம்! எங்க வீட்டுல வாளித் தண்ணியக் கண்டாலே அழுகை."

கண்படாமல் இருக்க மாஷா அல்லாஹ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே ஹிஃப்ஸாவுக்குக் காதில் சீழ் வைத்து, காய்ச்சலில் கிடந்தாள்.

அன்றிலிருந்து ஷம்சாத் குறைத்தே சொன்னாள். முதலாவதாக வந்தால், "மூணாவதோ நாலாவதோ". பரிசு வாங்கினால், "வந்த புள்ளையளுக்கெல்லாம் குடுத்தாங்க". ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே. புதுச் சங்கிலியைப் பழசை அழித்துச் செய்தது என்பார்கள். தொண்ணூறு மார்க்கை எழுபது என்பார்கள். கேட்கிறவளும் மனசுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

போன மாதம் விஜி மிஸ்ஸே பேச்செடுத்தாள். "அக்கா, இனி இவளுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பக்கத்து லேன்ல துரத்த ஒரு ஆள் வேணும். இங்க யாரு இருக்கா? துபாய் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. போட்டிக் குழுவுல சேர்ந்தாதான் பெரிய பந்தயத்துக்கெல்லாம் போகமுடியும்."

"ஆம்பளப் புள்ளையளும் அதே குளத்துலயா?"

"அதே குளந்தான். லேன் வேற."

ஷம்சாத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. இன்றைக்கோ நாளைக்கோ பெரியவளாகப் போகிறவள். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும். கோச் ஆம்பளை. கால்வரை முழுசாக மூடும் நீச்சலுடை அங்கே சரிப்படுமா? யார் கொண்டுபோய் விடுவது? கணவர் நெய்னா முகம்மது ஜவுளிக்கடையிலிருந்து வந்து படுக்கவே வெகுநேரமாகிவிடும். ஆனாலும் அவர்தான், "போய்ப் பாத்துட்டு வாங்களேன், பாத்தா என்னா கொறஞ்சுபோவுது?" என்றார்.

வியாழக்கிழமை கிளப்பில் ஆள் எடுக்கும் தேர்வு. அதற்கு முந்தின நாள் அந்தக் கிளப்பின் தலைமைக் கோச் கேப்டன் ஷெரீஃப் போன் செய்தார். எகிப்துக்காரர். கோச்சுகளை இங்கே எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது மீட்டருக்கு மகளின் நேரம் என்ன என்று கேட்டார். ஹிஃப்ஸாவின் நேரம் முப்பத்தொரு விநாடி. ஷம்சாத்தின் வாய் முப்பத்தாறு என்றது.

சொன்ன நேரத்தை வைத்துத்தான் அவர் பிள்ளைகளுக்கு லேன் பிரித்திருந்தார். ஹிஃப்ஸா கடைசி லேனில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு விழுந்தாள். நாலு கை போடுவதற்குள் முன்னால் போகிற பிள்ளையின் கால் அவள் முகத்தில் பட்டது. நின்றாள். மறுபடி கிளம்பினாள். மறுபடி நின்றாள். கேப்டன் வேகமான பிள்ளைகள் நீந்தும் முதல் லேன் பக்கமே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஷம்சாத் பிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மெசேஜ் வந்தது. நடுக்குழுவில் இடம் தரலாம். அந்தக் குழு போட்டிகளுக்குப் போகாது. போட்டிக் குழுவுக்கு அடுத்த தேர்வு வரும் வருஷம்தான். சம்மதமா என்று மாலைக்குள் சொல்லவும்.

நெய்னா முகம்மது படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். "அல்லாஹ் நாடினது அவ்வளவுதான். விஜி மிஸ்கிட்டயே இருக்கட்டும். நமக்கும் அலைச்சல் மிச்சம்."

ஷம்சாத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. அப்படி லேசாகிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் குளியலறைக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

போன் அடித்தது. ஈரக்கையாலேயே எடுத்தாள். விஜி மிஸ்.

"அக்கா, கேப்டன் எனக்கு போன் பண்ணாரு. கடைசி லேன்ல அந்தப் பொண்ணு நின்னு நின்னு போனது அவருக்கு உறுத்தியிருக்கு. நேரம் கேட்டாரு. முப்பத்தொண்ணுன்னேன். அவங்கம்மா முப்பத்தாறுன்னாங்களே, நீ ஏம்மா ஏத்திவிடுறேன்னு சிரிக்கிறாரு. என்னையப் பொய்க்காரியாக்கிட்டீங்களே!"

"அல்லாவே... நான் அப்புடி நெனச்சுச் சொல்லல விஜி."

"வேற எப்படி நெனச்சு சொன்னீங்க?"

ஷம்சாத் குழாயை மூடினாள். "கண்ணூறு பட்டுடும்னு... எங்க பக்கத்துல அப்புடித்தான் சொல்லுவோம்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "எகிப்துக்காரர் என்ன கண்டாரு உங்க கணக்கை? நீங்களே பேசி சரின்னு சொன்னா நாளைக்குக் காலையில மறுபடி பாக்கிறேங்கிறாரு. இல்லேன்னா நடுக்குழுதான். அங்க ஒரு வருஷம் சும்மா கெடந்தா புள்ளை வெறுத்துரும்க்கா. பேசுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குளியலறை வாசலில் ஹிஃப்ஸா நின்றாள். தலையில் இன்னும் டவல். எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்ட மாதிரிதான் இருந்தது.

சும்மா இருந்துவிட்டால் எல்லாமே தானாக அடங்கிவிடும். ஆம்பளைப் பிள்ளைகள் இல்லை, விடியுமுன் அலைச்சல் இல்லை, நாலு பேர் பேச்சு இல்லை. ஷம்சாத் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள். விரல் வழுக்கி ஒருமுறை தப்பாகப் போனது.

"கேப்டன், ஹிஃப்ஸா மதர். ஐ டோல்டு ராங். தர்ட்டி ஒன். விஜி கோச் கரெக்ட்."

எல்லா அம்மாக்களையும் அரபு வழக்கப்படி 'மாமா' என்று கூப்பிடுகிறவர் அவர். "வை, மாமா? எல்லா மாமாவும் எங்கிட்ட குறைச்ச நேரம்தான் சொல்வாங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாரி கேப்டன்."

"கலாஸ், ஃபினிஷ்டு. டுமாரோ. ஃபர்ஸ்ட் லேன்."

ஷம்சாத் போனை வாஷ்பேசின் விளிம்பில் வைத்தாள். "நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. வாப்பா மத்தியானத் தூக்கத்துல, எழுப்பிச் சொல்லு, வண்டி வேணும்."

ஹிஃப்ஸா நகரவில்லை. "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க உம்மா. பின்னால வந்த சின்னப் புள்ள 'கோ, கோ'ன்னு என்னையத் தள்ளிவிட்டுச்சு. நான் ஸ்லோவாயிட்டேனோன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அதையேதான் நெனச்சேன்."

"கண்ணூறுக்குப் பயந்துதாம்மா. உனக்குக் காது வந்து கெடந்தியே, அதுக்கப்புறம் எனக்கு..."

"கண்ணூறு மட்டுந்தானா உம்மா?"

பன்னிரண்டு வயசுப் பெண். முழுசாகப் பெரியவளைப் போலத்தான் கேட்டாள். கத்தவில்லை.

ஷம்சாத் குனிந்து வாளியிலிருந்து நீச்சலுடையை எடுத்தாள். டவலில் வைத்துச் சுருட்டினாள். தரையில் மண்டியிட்டு அமுக்க வேண்டும். அமுக்கவில்லை. நாளைக் காலைக்குள் இது காய வேண்டுமே என்று அவளுக்கே சொல்லிக்கொள்வது போல முணுமுணுத்தபடி, சொட்டுகிற டவல் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற மகளைத் தொடாமல் ஒதுங்கி வெளியே போனாள்.